படம் 4.3

அக்டோபர் 27, திங்கள்

காலை பத்து மணிக்கு உலகமே என் வீட்டு வாசலில் ஆட்டோவில் வந்து இறங்கியது. உலகம்மை என் தங்கை மகள், வீட்டில் உலகு. ஆறு வருடமாகச் சென்னையில் கணித ஆராய்ச்சி. ஆய்வேட்டைக் கொடுக்க நவம்பர் 28 கடைசி நாள். அதைத் தவறவிட்டால் பதிவு ரத்து, ஆறு வருடமும் வீண். விடுதியில் இருந்தால் ஒரு வரி ஓடவில்லை, பாளையங்கோட்டையில் மாமா வீட்டில் உட்கார்ந்து எழுதி முடிக்கிறேன் என்று வந்திருக்கிறாள். விந்தியமலைக்குத் தெற்கே கணிதம் தெரிந்த வீடு இது ஒன்றுதான் என்பதால் எனக்கு இதில் வியப்பில்லை.

முப்பத்தொரு வருடம் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்தியவன் நான். சுமார் நாற்பது லட்சம் மடையர்களுக்குத் தொகையீடு கற்றுக்கொடுத்திருப்பேன். அவர்கள் கட்டிய பாலங்களின் மேல் நான் நடப்பதில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். கேட்டது என் தவறு. கொல்லைக்குப் போய் ஒரு கோழிக்கொண்டைப் பூவைப் பறித்துக்கொண்டு வந்தாள்.

"இதோட ஓரத்தைப் பாருங்க மாமா. இருக்குத எடத்துக்கு மிஞ்சி வளந்துட்டு, அதான் சுருண்டு கெடக்கு. எங்க தொட்டாலும் குதிரைச் சேணம் மாரி வளைவு. இதுதான் ஹைப்பர்போலிக்."

"சரி. பூவுக்கு டாக்டர் பட்டம்."

"ரெண்டு ஓட்டை போட்ட உளுந்தவடை ஒண்ணை நினைச்சுக்கிடுங்க. அதோட மேல்தோலுக்கு இந்த வளைவை எத்தனையோ விதமாக் குடுக்கலாம். ஒவ்வொரு விதமும் ஒரு புள்ளி. அம்புட்டுப் புள்ளியும் சேந்தா ஒரு வெளி. அந்த வெளிக்குள்ள நடக்குத ஓட்டந்தான் என் சப்ஜெக்ட்."

"யார் ஓடுதா?"

"வடிவம் ஓடும். வடைத்தோல் மேல சுத்தி வந்து தன்னோடயே சேருத ஒரு கோடு. அது வழியா வெட்டி, எதிர்ப்பக்கத்தை இடதா கொஞ்சம் நகத்தி, மறுபடி ஒட்டிரணும். வேற வடிவம் வந்துட்டு. இன்னுங் கொஞ்சம் நகத்தினா இன்னொரு வடிவம். நகத்திக்கிட்டே போனா, அதுக்குப் பேரு பூகம்ப ஓட்டம்."

ஆறு வருடமாகப் பூகம்பம் விட்டுக்கொண்டிருக்கிறாள், தமிழ்நாட்டில் ஒரு டம்ளர் உருளவில்லை. எந்தப் பக்கம் நின்று இடது என்று மடக்கினேன்.

"அதுதான் அழகே. இந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் எதிர்ப்பக்கந்தான் இடதா போகும். அந்தப் பக்கம் போய் நின்னாலும் எதிர்ப்பக்கந்தான் இடதா போகும்."

நம்பவில்லை. கூடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு பக்கம் நான், எதிரே என் மனைவி செண்பகம். எனக்கு இடப்பக்கமாக அவள் ஓரடி நகர்ந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவளுக்கு இடப்பக்கமாக நான் ஓரடி போய்விட்டேன். உண்மைதான். முப்பத்தைந்து வருடமாக இந்த வீட்டில் நடப்பதும் இதுவே: விலகியது எதிராளிதான் என்று இருவரும் சொல்கிறோம், இருவரும் சரி.

இதற்கு ஆறு வருடம். நான் கல்யாணமான அன்றே கண்டுபிடித்திருப்பேன்.

அக்டோபர் 30, வியாழன்

ஆய்வேட்டில் பன்னிரண்டு படங்கள். 4.3 இன்னும் போடவில்லை, மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தவை; மருந்துக்கடை பில்லுக்கு இருக்கும் களை கூட இல்லை. நான் வரைகிறேன் என்றேன். டிரேசிங் பேப்பர், கறுப்பு மை, ஒரே மூச்சில் கோடு. அரச சபைகளில் இருந்திருக்க வேண்டிய கை இது.

உலகு வேண்டாம் என்று மூன்று முறை சொன்னாள். மரியாதைக்குச் சொல்வதுதானே அது. கோடு போட்ட நோட்டுத்தாளில் பென்சிலால் கிறுக்கிக் கொடுத்தாள். அந்தக் கிறுக்கலை நான் கலையாக்குகிறேன்.

நவம்பர் 1, சனி

பன்னிரண்டும் முடிந்தது. செண்பகம் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்றாள். கோயில் கோபுரத்தைப் பார்த்தும் அதையேதான் சொல்வாள்.

ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்தேன். கடைப் பெண் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் புரட்டி, "எது சார் முன்பக்கம்?" என்று கேட்டு உயிரை எடுத்தாள். டிரேசிங் பேப்பரில் இரண்டு பக்கமும் ஒன்றுதான் தெரியும் அம்மா, அதுதான் அதன் பெருமை என்று விளக்கினேன். விளங்கவில்லை. அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன். நாட்டில் எதையும் நாமே செய்தால்தான் உண்டு.

நவம்பர் 3, திங்கள்

உலகு படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எழுத்தும் அம்புக்குறியும் தானே போட்டு, நெறியாளர் சுகிர்தராஜுக்கு அனுப்பிவிட்டாள். எனக்கு நன்றி சொல்ல வார்த்தை கிடைக்காமல் திணறப் போகிறார்.

நவம்பர் 7, வெள்ளி

சுகிர்தராஜ் போனில் பேசினார். உலகு ஸ்பீக்கரில் போட்டாள்.

"உலகம்மை, நாலாம் அத்தியாயத்துல உன் லெம்மா கயிறு நீளும்னு சொல்லுது. படம் 4.3 கயிறு சுருங்கும்னு காட்டுது. எதம்மா நிஜம்?"

லெம்மா என்பது பெரிய தேற்றத்துக்கு முட்டுக் கொடுக்கும் சின்னத் தேற்றம். வெட்டுக்கோட்டைக் குறுக்கே கடந்து, சாய்வாக ஒரு கயிறு வடையைச் சுற்றியிருக்கிறது. பூகம்பம் விட்டால் அது நீளுமா, சுருங்குமா? சாய்வு ஒரு பக்கம் என்றால் நீளும், மறுபக்கம் என்றால் சுருங்கும். அவள் கணக்கில் கூட்டல் வருகிறது. படத்தைப் பார்த்தால் கழித்தல்.

"எப்பவும் இதான் உன்கிட்ட பிரச்சினை" என்றார் சுகிர்தராஜ். "குறியைத் தள்ளிக்கிட்டே போற. வடிவம் கண்ணுக்குத் தெரியறதில்ல உனக்கு. சரி பண்ணு, இல்லன்னா அத்தியாயத்தையே எடு. அத்தியாயத்தை எடுத்தா ஆய்வேடு நிக்காது, அதையும் சொல்லிடறேன்."

மனிதர் பேச்சு அரைச் சம்பளத்துக்கு ஒப்பேற்றிய மாதிரி இருந்தது. ஆனாலும் உலகிடம் நான் உடனே தீர்ப்புச் சொன்னேன்: படத்தில் தவறு இருக்க முடியாது, வரைந்தவன் யார் என்று பார். நிரூபணத்தைத் தோண்டு.

"நான் பென்சில்ல போட்டுக் குடுத்தேனே, அந்தத் தாள் இருக்கா மாமா? நானே எப்படிப் போட்டேன்னு பாக்கணும்."

வரைந்து முடித்த அன்றைக்கே கிழித்துப் போட்டாயிற்று என்றேன். அப்படித்தான் நினைவு.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. கேபிள் இல்லை. உலகு அறையை விட்டு வரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

உலகு இன்று நூற்றிருபது பக்கம் எழுதி நூற்றிருபது பக்கமும் கசக்கினாள். எண்ணினேன். பன்னிரண்டுதான், ஆனால் பார்வைக்கு நூற்றிருபது. திரும்பத் திரும்பக் கூட்டல்தான் வருகிறதாம்.

"எனக்கு எங்க தப்புன்னே தெரியலை அத்தை. சின்னப் புள்ளைக்கு இடது வலது தெரியும்" என்று செண்பகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கணிதக்காரர்கள் பொதுவாக மனம் உறுதியற்றவர்கள். நான் விதிவிலக்கு.

நவம்பர் 13, வியாழன்

ஆய்வேட்டின் சுருக்கம் தமிழிலும் வேண்டும் என்று பல்கலைக்கழக விதியாம். உலகுக்கு நேரமில்லை, பணி என் தலையில். தமிழன்னைக்கு நல்ல காலம்.

முதல் வரியிலேயே ஒரு புதையல். இடப்பெயர்வு. இடம் என்றால் இருக்கும் இடம். இடம் என்றால் இடப்பக்கம். இடத்தை விட்டுப் பெயர்வதும் இடப்பெயர்வு, இடப்பக்கமாகப் பெயர்வதும் இடப்பெயர்வு. ஆங்கிலேயனுக்கு இரண்டு சொல் வேண்டும். தமிழன் ஒரே சொல்லில் பூமியை நகர்த்தி, எந்தப் பக்கம் என்றும் சொல்லிவிடுகிறான். இந்த ஒரு சொல்லுக்காக எனக்குச் சிலை வைக்கலாம், கழுத்தளவாவது.

இந்த இன்பத்தில், படம் 4.3-இன் டிரேசிங் தாளை எடுத்து, அச்சிட்ட பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தேன், என் கோட்டின் சுத்தத்தை ரசிக்க. கயிற்றின் சாய்வு பொருந்தவில்லை. தலைகீழாக வைத்தேன். பொருந்தவில்லை. சாய்ந்த கோட்டைத் தலைகீழாக்கினாலும் அதே சாய்வுதான். தாளைப் புரட்டிப் பின்பக்கமாக வைத்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

மழையீரத்தில் தாள்கள் நெளிவது சகஜம்.

நவம்பர் 14, வெள்ளி

அலமாரியில் வேட்டிகளுக்கு நடுவே பஞ்சாங்கம், பஞ்சாங்கத்துக்குள் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று. பென்சில் கிறுக்கல். பழைய குப்பை. இருந்த இடத்திலேயே வைத்தேன். மேலே பட்டு வேட்டியையும் வைத்தேன்.

நவம்பர் 15, சனி

ஒன்றுமில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வாழைக்காய் வாங்கப் போனேன். கத்தரிக்காய் வாங்கி வந்தேன். கடைக்காரன் மந்தபுத்தி.

நவம்பர் 17, திங்கள்

சாப்பிடும்போது உலகு கேட்டாள். "மாமா, நீங்க ஏன் பிஎச்.டி. முடிக்கலை?"

உலகம் தயாராக இல்லை என்று எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னேன். இங்கே சற்று விரிவாகவே எழுதலாம். என் நெறியாளர் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பிழை என்றார். அவர் எண்ணெய்ச் செக்கு மாதிரி சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நிற்கும் மூளை. பிழை இல்லை என்று நிரூபிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அதற்குள் பதிவு முடிந்துவிட்டது. பிழை இருந்ததா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை.

நவம்பர் 19, புதன்

கணிதத்துக்கு இன்று ஒரு மௌனத் தொண்டு செய்தேன். உலகு குளிக்கப் போனாள். லேப்டாப் திறந்தே கிடந்தது. படம் 4.3-ஐ இடவலம் புரட்டிப் போட்டு, அம்புக்குறியை அவள் வைத்தபடியே வைத்து, சேமித்தேன். நான்கு நிமிடம். படமும் லெம்மாவும் இனி அண்ணன் தம்பி. யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மேதைமை என்பது சத்தமில்லாதது.

மத்தியானம் இரண்டு உளுந்தவடை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

தொண்டு செய்கிறவனுக்கு இந்த நாட்டில் ஒத்துழைப்பே கிடையாது. உலகு போன வாரமே படத்துக்கு ஏற்ற மாதிரி லெம்மாவில் கூட்டலையெல்லாம் கழித்தலாக மாற்றியிருக்கிறாள், பதினேழு இடத்தில். ஒரு வார்த்தை என்னிடம் சொல்ல வேண்டாமா? இப்போது படம் நீளும் என்கிறது, லெம்மா சுருங்கும் என்கிறது.

காலையில் திரையைப் பார்த்தபடியே நெடுநேரம் இருந்தாள். பிறகு அடுப்படிக்கு வந்தாள்.

"அத்தை, முந்தாநாள் இந்தக் கோடு வேற மாரி சாஞ்சிருந்துச்சு. இப்போ இப்படி இருக்கு. எனக்கு மூளை கலங்கிட்டுன்னு நினைக்கேன்."

"தூங்காம இருந்தா அப்படித்தான் தெரியும்ளா. செத்த நேரம் படு."

"இல்லை அத்தை. கண்ணால பாத்ததையே நம்ப முடியலைன்னா நான் என்னத்துக்குக் கணக்குப் போடணும்?"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரில் வழக்கம்போல ஒன்றுமில்லை.

நவம்பர் 21, வெள்ளி

படத்தை முன்பு இருந்தபடி மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். உலகு இன்று லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. குளிக்கவும் போகவில்லை.

நவம்பர் 22, சனி

செண்பகம் என் அலமாரியைத் துடைத்தாள். வேட்டிகளை எடுத்து, மடித்து, திரும்ப அடுக்கினாள். பட்டு வேட்டி இப்போது அடியில், பஞ்சாங்கம் மேலே இருக்கிறது.

மத்தியானம் ரசத்தில் உப்பு இல்லை. சொன்னேன்.

"போட மறந்துட்டேன்" என்றாள். "மறந்ததை மறந்தேன்னு சொல்லுதேன் பாத்தீயளா? ஒண்ணும் கொறஞ்சு போகலை எனக்கு."

என்ன சம்பந்தமோ. பெண்கள் பேச்சில் தர்க்கம் தேடுகிறவன் நான் அல்ல.

நவம்பர் 24, திங்கள்

நான்கு நாள்தான் இருக்கிறது. உலகு பெட்டியை அடுக்குகிறாள். கோவையில் ஒரு கோச்சிங் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை வருகிறதாம். சுகிர்தராஜுக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறாள்: என் ஆய்வேட்டைக் கொடுக்கப் போவதில்லை, என்னால் முடியவில்லை. நாளைக் காலை அனுப்புவாளாம்.

"ஒரு அத்தியாயத்துக்காகவா?" என்றேன்.

"அதுக்காக இல்லை மாமா. சார் சொன்னது சரிதான். எனக்கு வடிவம் தெரியலை. ஆறு வருஷம் கண்ணு தெரியாம நடந்திருக்கேன்."

கோச்சிங் சென்டர். நான் முப்பத்தொரு வருடம் செய்த வேலைதான். நல்ல வேலை. மதிப்பான வேலை. நாற்பது லட்சம் பேர்.

நாற்பது லட்சம் இல்லை. வருடத்துக்கு நூற்றிருபது பேர் என்றால் மூவாயிரத்துச் சொச்சம். இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

காலை எட்டே முக்காலுக்கு, முழு மனத்தோடு, எவருடைய தூண்டுதலும் இன்றி, உலகின் அறைக்குள் போனேன். செண்பகம் வாசற்படியில் துடைப்பத்தோடு நின்றது தற்செயல்.

நெடிய முன்னுரை ஒன்று தயார் செய்திருந்தேன். டிரேசிங் பேப்பரின் வரலாற்றில் ஆரம்பிப்பதாக இருந்தது. பென்சில் தாளையும் என் டிரேசிங் தாளையும் மெத்தை மேல் வைத்தேன்.

உலகு இரண்டையும் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தாள். டிரேசிங் தாளைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். லேப்டாப்பைத் திறந்து மூன்றாம் தேதி அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"அப்போ கூட்டல்தான்" என்றாள்.

சற்றுப் பொறுத்து, "அப்போ கூட்டல்தான்" என்று இன்னொரு தடவை. முகத்தில் ரத்தம் வந்தது. என்னைப் பார்க்கவே இல்லை, நோட்டை இழுத்து ஏதோ நான்கு வரி எழுதிப் பார்த்தாள். "நான் போட்டது சரி. முதல்லயிருந்தே சரி."

வந்த வேலை முடிந்தது என்று கிளம்பினேன்.

"மாமா. இது எப்போலயிருந்து தெரியும் உங்களுக்கு?"

இன்றைக்குத்தான் கிடைத்தது என்று சொல்ல வாயெடுத்தேன். துடைப்பச் சத்தம் நின்றுபோனது.

"பதிமூணாந்தேதி" என்றேன்.

"நடுவுல படத்தை மாத்தினது?"

"நான்தான்."

விரல் விட்டு எண்ணினாள். கணித ஆராய்ச்சியாளர் விரல் விட்டு எண்ணி நான் பார்த்ததில்லை.

"பன்னெண்டு நாள்" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்த மெயிலை அழித்தாள். நான் நின்ற பக்கம் அதற்கப்புறம் திரும்பவில்லை.

நவம்பர் 26, புதன்

உலகு பதினேழு இடத்திலும் கழித்தலைக் கூட்டலாக்கிவிட்டாள். இனி சுகிர்தராஜ் நம்ப வேண்டும். பயந்துபோய்ப் படத்தை லெம்மாவுக்குத் தக்க மாற்றிவிட்டாள் என்று அவர் நினைத்தால் கதை முடிந்தது. அதனால் என் கையெழுத்தில் கடிதம் வேண்டும், பென்சில் தாளோடு சேர்த்து அனுப்ப. கேட்டது செண்பகம் வழியாக.

மூன்று பக்கம் எழுதினேன். என் வாழ்நாளின் சிறந்த உரைநடை. கலிங்கத்திலிருந்து குமரிவரை வீசிய ஈரக்காற்றும், ஜெராக்ஸ் கடையின் வெளிச்சக் குறைவும், தாளின் இருமுகத் தன்மையும் சேர்ந்து, படம் 4.3 திரும்பிவிட்டது என்று நயமாக முடித்திருந்தேன்.

உலகு வாங்கிப் படித்தாள். நேற்றுக்குப் பிறகு முதல் பேச்சு.

"திரும்பிட்டுன்னு எழுதியிருக்கீயளே. அதுவாத் திரும்புச்சா?"

போய் மாற்றி எழுதினேன். ஒன்றரைப் பக்கம். படம் திருப்பப்பட்டுவிட்டது.

"ஆராலே?"

ஒரே ஒரு எழுத்து. திரும்பியது, திருப்பினேன். தன்வினையிலிருந்து பிறவினைக்குப் போக ஒரு ம் போய் ஒரு ப் வர வேண்டும். மத்தியானம் முழுதும் ஆனது. எத்தனையோ வாக்கியம் எழுதியவன், எழுவாய் இருக்கிற இடத்தில் என்னை வைக்க ஒரு மத்தியானம்.

கடைசியில் வந்தது இது:

படம் 4.3-ஐ ஸ்கேன் செய்யும்போது நான் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன். உலகம்மை வரைந்து கொடுத்த மூலத்தாள் இத்துடன் இருக்கிறது. அவளுடைய படமும் லெம்மாவும் ஆரம்பத்திலிருந்தே சரி. தவறு என்னுடையது. பிரமநாயகம்.

உலகு இரண்டு தடவை படித்தாள். "பன்னெண்டு நாள் கதையும் எழுதணுமா?" என்று கேட்டேன்.

"அது சாருக்கு வேண்டாம்" என்றாள்.

நவம்பர் 27, வியாழன்

சுகிர்தராஜ் பதில் போட்டுவிட்டார். சரி, நாலாம் அத்தியாயம் இருக்கட்டும், கொடுத்துவிடு. நீ சொன்னதை நான் நம்பியிருக்கலாம் என்று ஒரு வரி இருக்குமோ என்று தேடினேன். இல்லை. பெரிய மனிதர்களுக்கு அந்த வரி கடினம்.

சாயங்கால ரயிலுக்கு உலகு கிளம்பினாள். செண்பகத்தைக் கட்டிக்கொண்டாள். பெட்டியை நான் தூக்கி ஆட்டோவில் வைத்தேன், தடுக்கவில்லை. "வாரேன்" என்றாள். பின்னால் "மாமா" வரும் என்று நின்றேன். ஆட்டோ கிளம்பிவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

மத்தியானம் மூன்று மணிக்கு செண்பகத்துக்குப் போன். கொடுத்துவிட்டாள். முத்திரை போட்ட ரசீதும் வாங்கிவிட்டாளாம். செண்பகம் அழுது, சிரித்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, கடைசியில், "மாமாகிட்ட குடுக்கவா?" என்றாள்.

ஸ்பீக்கரில் உலகின் குரல் வந்தது. "நாளைக்குப் பேசுதேன்னு சொல்லுங்க அத்தை."

நவம்பர் 29, சனி

மணி பதினொன்று. போன் வரவில்லை. மளிகைக்கடைக்குப் போகச் சொன்னாள் செண்பகம். அப்புறம் என்றேன்.

மணி நாலு. போனைச் சார்ஜில் போட்டிருக்கிறேன். வயர் குட்டையாக இருப்பதால், நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்.